மேச்சேரித் தோல் வளையம்

பழைய ஸ்பேனர் ஒன்றைத் தேடிப் பெட்டியின் அடியில் கைவிட்டேன். விளக்கெண்ணெய் ஊறிய தோலின் வாடை அடித்தது. வெளியே எடுத்தால், நீ வெட்டிய வளையம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் முதலாளியின் பட்டறையில் நாம் பழுது பார்த்த பஸ்களின் ஸ்டார்ட்டர் மோட்டார் போட்ட இரைச்சல் சேலத்துக்கே தெரியும். மேச்சேரி ஆட்டுத்தோலை வளையமாக வெட்டி, மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைத்தாய். சத்தம் நின்றது, கூடவே மோட்டாரும் நின்றது. தோலில் மின்சாரம் எப்படிப் பாயும் என்று கேலி செய்தேன். நீ மோட்டாரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு செப்புக் கம்பியைத் தனியாக இழுத்துக் கொடுத்தாய். பஸ் பூனை மாதிரி கிளம்பியது. மற்ற பஸ்களுக்கும் அதையே போட்டாய்.

ஆயுத பூஜையன்று ஒரு வளையத்தைக் கம்பியோடு கழற்றிப் படையலில் வைத்தவன் நான். மூடி வை என்றாய். "சாமிக்கு முன்னால என்னத்த மாப்ளே மறைக்கறது?" என்றேன். பெரிய பக்திமான். உதிரிபாகக் கம்பெனியின் ஏஜென்ட் வந்திருந்தார். பொரிகடலை கொடுத்து உட்கார வைத்தேன். கொறித்துக்கொண்டே நோட்டில் படம் வரைந்தார். நம் வேலையை மெச்சுகிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வருஷம் அந்த வளையத்துக்கும் கம்பிக்கும் கம்பெனி பேடன்ட் வாங்கி, உன் மேலேயே வழக்குப் போட்டது. ஏஜென்ட் வரைந்ததை உன்னைத் தவிரப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நம் முதலாளிக்கோ உதிரிபாகமெல்லாம் அந்தக் கம்பெனி தயவில்தான். கம்பெனிக்கு எதிராக வாயைத் திறந்தால் பட்டறைப் பக்கம் வராதே என்றார். சாட்சிக் கூண்டில் உன் வக்கீல் அந்த ஆயுத பூஜையைப் பற்றிக் கேட்டார்.

"ஞாபகமில்லீங்க" என்றேன். உன் பக்கம் திரும்பவில்லை.

தீர்ப்புப்படி எல்லாப் பஸ்ஸிலிருந்தும் வளையங்களை நீயே கழற்றினாய். பக்கத்தில் நின்ற என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "ஞாபகம் இல்லீன்னா உடு மாப்ளே. அந்த ஸ்பேனரை எடு" என்றாய்.

அதன்பின் நீ ஸ்டார்ட்டரையே தொடவில்லை. தம்மம்பட்டியில் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் ஓட்டை லாரிக்கு டிரைவராகப் போனாய். ஒருநாள் எஞ்சின் உதைத்து, அந்தக் கைப்பிடி உன் நெஞ்சில் திருப்பி அடித்தது. நான் வந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் மனைவி, "உங்களப் பத்தித்தானுங்கண்ணா எப்பவும் பேசுவாரு" என்றாள். அங்கேயே நானும் செத்திருக்கலாம்.

எனக்குப் பட்டறை வேலை இன்னும் இருக்கிறது. கம்பெனி விற்கும் வளையத்தை முதலாளி வாங்கவே இல்லை. பஸ்கள் இன்னும் அலறிக்கொண்டுதான் கிளம்புகின்றன.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது மாப்ளே. பொரியில் ஒட்டிய வெல்லம், வளையத்தில் நீ இட்ட சந்தனப் பொட்டு, ஏஜென்ட்டின் சிவப்புப் பென்சில். வளையம் உன்னுடையது. அவர் வந்தார், பார்த்தார், வரைந்தார். கூண்டில் நான் சொல்லவேண்டியிருந்தது இவ்வளவுதான்.