நான் எழுதிச் சேர்த்த தேதி

லாகூர்,
18 நவம்பர் 1982, வியாழன், காலை 7.10

அன்பு மகள் ஷகுப்தாவுக்கு,

இறையருளால் நானும் உன் அம்மாவும் தம்பி வகாரும் உடலளவில் நலம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இதை அஞ்சலில் சேர்க்கத் துணிவின்றி, இன்று மதியம் லண்டன் புறப்படும் டாக்டர் ரெஹானாவிடம் கொடுக்கிறேன். படித்ததும் எரித்துவிடு.

நீ சொன்னபடி உன் 'கால்வாய்' நஸ்மை, அந்தப் புதுக்கவிதையை, படியெடுத்து 'குஹர்' என்ற உன் புனைபெயரிலேயே பத்திரிகைக்கு அனுப்பினேன். கவிதையின் அடியில் நாளும் ஊரும் இடுவது உங்கள் புதுக்கவிஞர்களின் வழக்கமாயிற்றே, நீ இடாதது மறதி என்றெண்ணி, லண்டன் போகுமுன் நீ எனக்கு அதை வாசித்துக் காட்டிய நாளை நாட்குறிப்பில் தேடி '17 ஜனவரி 1982' என்று நானே எழுதிச் சேர்த்தேன். கால்வாய்க் கரையில் கல்லூரி மாணவிகள் மீது தடியடி நடந்ததற்கு மறுநாள் அது என்பது எனக்கு உறைக்கவில்லை. தூர்வாரிய சேற்றில் ஒற்றைச் செருப்புகள் கிடந்தன என்று மட்டுமே சொன்ன கவிதை, அந்தத் தேதியால் அரசின் மீதான குற்றச்சாட்டாகிவிட்டது. கஜலாயிருந்தால் காதலியின் செருப்பென்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

செவ்வாய் முற்பகல் 11.20க்கு உளவுத்துறையினர் இருவர் வந்து, "குஹர்ங்கிற புனைபெயர் யாரோடது பெரியவரே?" என்றார்கள். நான்தான் என்றேன். மூத்தவர் சிரித்து, "ரோஜா, புல்புல்னு எழுதற வயசு உங்களுக்கு. எதுகை மோனை ஒண்ணுமில்லாம இதை நீங்களா எழுதினீங்க? லண்டன்ல பொண்ணு இருக்காமே, எப்ப வர்றா?" என்றார். உன் அம்மாதான் தேநீரை வைத்தபடி, "நாப்பது வருஷமா கிறுக்கறாரு, இன்னிக்குத்தான் தேடி வந்து கேக்கறாங்க" என்று சமாளித்தாள். "அப்ப திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து எங்க முன்னாடி இதே மாதிரி இன்னொண்ணு எழுதிக் காட்டுங்க" என்று சொல்லிப் போனார்கள். இரண்டு நாளாக முயன்றேன். இரண்டாம் வரியிலேயே எதுகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்று விடியலில் வேறு வழியின்றி என் அச்சத்தையே எழுதினேன்: தெருவில் வண்டி நிற்கும் ஓசை, சர்க்கரை கரைந்த பின்னும் உன் அம்மா கிண்டிக்கொண்டே இருக்கும் கோப்பை. எதுகை வரவில்லை. படித்துவிட்டு அவள், "நீங்க எழுதினதுன்னு நம்பிடுவாங்க. ஆனா இதுக்கே உங்களை உள்ள போட்டுடுவாங்க" என்றாள். திங்களன்று அதையேதான் எழுதப் போகிறேன்.

டிசம்பர் பத்தாம் தேதி வகாரின் நிக்காஹுக்கு நீ வர வேண்டாம். குஹர் நீதான் என்று அங்கிருந்து உரிமை கொண்டாடவும் கூடாது. இது உன் தந்தையின் கட்டளை. இறைவன் உன்னைக் காக்கட்டும். பயணச்சீட்டை இன்றே ரத்து செய்.

உன் தந்தை,
மிர்ஸா தௌகீர் பேக்