களை எடுப்பதற்கு முன்பே

மேடம்,

இன்று காலை மோட்டார் கொட்டகையைக் கூட்டும்போது, ஓட்டுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் அந்த நீல ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடைத்தது. எலுமிச்சம்பழ அளவு. மேலே இரண்டு பல்லி முட்டைகள், பட்டா இல்லாமல் குடியிருக்கின்றன. அது அங்கே எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நீங்கள், நான். நீங்கள் காலமாகி எட்டு மாதமாகிறது. அதனால் இன்று காலை வரை நான் மட்டும்.

அம்மாவும் அத்தாவும் பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து அண்ணன் சாதிக்கைத் தஞ்சாவூர் மனநலப் பிரிவுக்கு, உங்களிடம் கூட்டி வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. அண்ணனுக்கு இருபது வயது. யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னான். சோற்றை மோந்து மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். ஐந்து நிமிடத்தில் நீங்கள் அவனை சித்திக், சாகுல், சபீர் என்று மூன்று விதமாகக் கூப்பிட்டீர்கள். “பேராசிரியர்ங்கிறாங்க, ஒரு பேரும் நிக்கல” என்று அத்தாவின் காதைக் கடித்தேன். உங்களுக்குக் கேட்டுவிட்டது.

“பேரு நிக்காதும்மா. தேதிதான் நிக்கும்.”

உங்கள் ஆராய்ச்சியே அந்தத் தேதிதான். முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் எத்தனை நாள் வீணாகிறது, அதை எப்படிக் குறைப்பது. அது குறைந்தால் தேறி வருவது சுலபம் என்பீர்கள். மேடத்துக்கு ஓய்வும் ஆய்வுதான் என்று நர்ஸ் அக்கா சொன்னார். ஆனால் உங்கள் தாளில் தேதியே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்று விட்டது, நாற்று பறித்தது, நடவு, களை, அறுப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களிடம் தேதி கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். வயலில் என்ன வேலை நடந்தது என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

“எப்போலேர்ந்து?” என்றீர்கள்.

“குறுவைக்குக் களை எடுத்தப்ப, மோட்டார் கொட்டகையிலேர்ந்து அலறிக்கிட்டு ஓடியாந்தான் மேடம். அன்னியிலேர்ந்துதான்” என்றார் அம்மா.

“நாகூர் தர்காவுக்கு மூணு வியாழக்கிழமை கூட்டிட்டுப் போனோம்” என்றார் அத்தா, திட்டு வாங்கத் தயாராக.

“நல்லது. இனிமே போறப்ப மாத்திரையையும் கூட்டிட்டுப் போங்க.”

களை என்ற கட்டத்தில் டிக் அடித்தீர்கள். அன்று வைக்கோல் போருக்குப் பின்னால் போனும் கையுமாக உட்கார்ந்து, ஸ்பீக்கர் வழியாக “சாதிக்... சாதிக்...” என்று கூப்பிட்டது நான்தான்.

அவர்கள் மருந்து வாங்கப் போனதும் திரும்பி வந்து உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நீங்கள் முகத்தை மாற்றவில்லை.

“அந்தக் கொட்டகையில ஏன் வெச்ச?”

“அவன்தான் மொதல்ல சொன்னான் மேடம், மோட்டார் என் பேரைச் சொல்லுதுன்னு. என்னைக் கலாய்க்கிறான்னு நெனச்சேன். பதிலுக்குக் கலாய்ச்சேன்.”

“எப்போ சொன்னான்?”

“நாத்து பறிச்சப்போ.”

டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இரண்டு கட்டம் முன்னால், நாற்று பறித்த கட்டத்தில் போட்டீர்கள். “உன் ஸ்பீக்கர் அவனை பயமுறுத்தியிருக்கும். நோயை அது கொடுக்கல, அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. ஆனா அவன் அதைச் சொன்னப்போ மொதல்ல கேட்டது நீதான்.”

பாதி ஆறுதல், பாதி அடி. அவனிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டதற்கு, “நல்லாகட்டும். அப்புறம் சொல்லு” என்றீர்கள்.

அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறான். மாத்திரை தொடர்கிறது, தஞ்சாவூரில் மொபைல் கடையில் வேலை. ஆனாலும் சொல்வதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இன்று ஸ்பீக்கரை அவன் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பல்லி முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“நீதான்னு அப்பவே தெரியும்டி. மத்த குரலெல்லாம் இவ்வளவு கேவலமா நடிக்காது.”

“அப்புறம் ஏன் ஓடுன?”

“நீ கூப்பிட்டதும் அதுங்களும் கூடச் சேந்துக்கிச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சார்ஜ் ஏறுதா பார் என்று ஸ்பீக்கரை என்னிடமே கொடுத்தான்.

இன்னொன்று. போன வாரம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், மின்விசிறி தன்னைத் திட்டுகிறது என்றாள். பெஞ்சே சிரித்தது. இந்த மாதிரி நேரத்தில் முதல் சிரிப்பு என்னுடையதாக இருக்கும். நான் அவள் பக்கம் திரும்பி, “எப்போலேர்ந்து?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “சம்பாவுக்கு நாத்து விட்டதிலேர்ந்து.”

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மை அழிவதற்குள், அன்று சாயங்காலமே, அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.