கடலைக் கொல்லையில் கழட்டிய செருப்பு

என் செல்லத் தம்பி முருகேசா,

நீ போய் ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் உன்மேல கோவம் தீரலை எனக்கு. என்ன மனுஷன்டா நீ?

செங்கல்பட்டுல ரத்தம், மலம் சோதிக்கிற லேப்ல வேலை பாக்கிறவ நான். உன் மலத்துல கொக்கிப்புழு முட்டையை என் கண்ணால பார்த்தேன். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் நம்ம கடலைக் கொல்லை முழுக்க மணல். ஓரத்துச் சவுக்குத் தோப்புலதான் ஊரே வெளிக்கு ஒதுங்கும். அந்த மண்ல பொரியற புழு வெறுங்காலைத் துளைச்சு ஏறி, குடலுக்குப் போய் ரத்தம் குடிக்கும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பயிர் வெக்கிற பூமியில செருப்போட எறங்கக் கூடாதுன்னு நீ ஒரே பிடி.

தப்பு என்மேலயும் இருக்கு. குடல் சும்மா இருக்காது, அதோட உள்சவ்வே புழு வந்ததைக் கண்டுபிடிச்சு உடம்புக்குத் தகவல் சொல்லும், சளியைக் கொட்டி வழுக்கிவிடும், பிழிஞ்சு வெளிய தள்ளப் பாக்கும்னு பெருமையா விளக்கினேனே, அதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்ட.

"வயிறே பாத்துக்கும்னு நீதானே சொன்ன? அப்புறம் மாத்திரை இன்னாத்துக்குக்கா?"

கொக்கிப்புழு அந்தக் காவலையும் ஏமாத்திட்டு வருஷக்கணக்கா தங்கிடும்னு அடுத்து நான் சொன்னது உன் காதுல ஏறவே இல்லை. நான் கொடுத்த மாத்திரை பரண்மேல அப்படியே கிடந்தது. ரத்தம் வத்தி, இதயம் வீங்கி, முப்பத்தெட்டு வயசுல போய்ச் சேர்ந்த.

போன வாரம் உன் பொண்டாட்டி பூத்துலேர்ந்து போன் பண்ணா. உன் மக செல்வி பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டாளாம். கூட்டிவரச் சொல்லிச் சோதிச்சேன். அதே முட்டை. நான் வாங்கித் தந்த செருப்பை என்னடி பண்ணினன்னு கத்திட்டேன். வரப்புலயே கழட்டி விட்டுட்டுதான் கொல்லைக்குள்ள போறாளாம் உன் மக.

"அப்பாவைப் பொதச்ச எடம் அத்தை. அங்க எப்டி செருப்போட போவறது?"

மாத்திரையை என் எதிர்லயே முழுங்க வெச்சு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டுதான் விட்டேன்.

இப்ப கேட்டுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் செருப்போடயே உன் தலைமாட்டுல வந்து நிப்போம். பாவம் வந்தா என்னைச் சேரட்டும். அவளை மட்டும் உன்கிட்ட அனுப்ப மாட்டேன்.

உன்னோட கூடப் பொறந்த பாவத்துக்கு இன்னும் கத்திக்கிட்டிருக்கிற
அக்கா, கஸ்தூரி