மார்ச்சில் பார்த்த ஊர்

எர்பில்,
ஜூன் 19

மகன் சிர்வானுக்கு அப்பா ஹமா ஸாலிஹ் எழுதுவது.

நீ எங்களுக்குத் தவறு செய்துவிட்டாய். நான் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து, சுலைமானியில் உள்ள என் வீட்டை என்னைக் கேட்காமல் ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டாய். என்னையும் உன் அம்மாவையும் எர்பிலில் ஒன்பதாவது மாடியில் கொண்டுவந்து வைத்தாய். பதின்மூன்று மாதம் ஆகிறது. போனில் இதைச் சொல்ல வந்தால், "சரிப்பா, பாத்துக்கலாம்ப்பா, சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றுகிறாய். அதனால் எழுதுகிறேன். கீழ்வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்கு, நீ இருக்கும் காஸலுக்கே திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கம் சுலைமானி, வலப்பக்கம் எர்பில். பனி விழும் நாட்கள், மழை நாட்கள், பூங்காக்கள், நடைபாதைகள். எர்பில் ஜெயித்திருந்தது. அதில் பொய் இல்லை. போன வருஷம் ஜனவரியில் அம்மா வாசல்படிப் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ரஷபா அடித்த அன்று எங்கள் கொட்டகைத் தகரம் பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தது. அந்தக் கறுப்புக் காற்று எர்பிலில் இல்லை. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே முப்பத்தொரு வருஷம் மினிபஸ் ஓட்டியவன் நான். நான்காம் வகுப்போடு நின்றவன், சாலைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன். எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை. ஹைபத் சுல்தான் மலை இறங்கி கோயாவைத் தாண்டினால் பயணிகள் கோட்டைக் கழற்றுவார்கள். திரும்பும்போது டுகானில் மறுபடி போட்டுக்கொள்வார்கள். மே மாதத்துக்குப் பிறகு எர்பிலுக்குள் நுழையும்போது, பின்சீட்டில் யாராவது, "அண்ணே, அடுப்பு மூடியத் தொறந்துட்டீங்களா?" என்று கேட்காத நாள் இல்லை.

நீ எப்போது வந்து இந்த ஊரைப் பார்த்தாய்? நவ்ரோஸ் புத்தாண்டுக்கு. பத்து நாள். ஊருக்கு வெளியே பச்சைப் புல், சிவப்புப் பூ, குடும்பம் குடும்பமாகச் சமுக்காளம் விரித்து, இலையில் சோறு சுருட்டி வேகவைத்த யாப்ராக் சட்டியைத் தட்டில் கவிழ்த்துச் சாப்பிடும் ஜனங்கள். "அப்பா, அம்மா நடக்க இதைவிட எடம் எங்க கெடைக்கும்?" என்றாய். மகனே, மார்ச்சில் நம் நாட்டில் எந்த ஊர்தான் நன்றாக இல்லை? வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் செய்கிற தப்பு இது. ஊர் பார்ப்பவன் ஜூலையில் வர வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்கு.

சுலைமானியிலும் ஜூலையில் வெயில் கொளுத்தும். ஆனால் காலையில் சூரியன் கோய்ஜா மலைக்குப் பின்னால் எழும். நம் பக்கத்துச் சரிவு வெகுநேரம் நிழலில் இருக்கும். அந்த நிழலில்தான் அம்மா பன்னிரண்டு வருஷம் நடந்தாள். இருதய டாக்டர் நடக்கச் சொன்ன மறுநாள் தொடங்கியவள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவுக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, கூட நடக்கும் பெண்களோடு ஊர் வம்பு பேசிக்கொண்டு இறங்குவாள். இங்கே போன கோடையில் ஐந்து மாதம் அவள் வெளியே போகவில்லை. குளிர்காலத்தில் பூங்காவில் நடந்தாள், உண்மை. இப்போது மறுபடி கதவு சாத்தியாகிவிட்டது. இருட்டிய பிறகும் சுவர் சுடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, உனக்குச் சொல்லாமல் அவளைச் சுலைமானிக்குக் கூட்டிப்போனேன். பழைய கூட்டாளிகள் மலையடிவாரத்தில் காத்திருந்தார்கள். "வாங்கம்மா எர்பில் மகாராணி, லிஃப்ட் இல்லாம ஏறுவீங்களா?" என்று நஸ்ரீன் கிண்டல் செய்தாள். அம்மாவும் விடவில்லை. "நீ முன்னால போடி, உன்னத் தள்ளிக்கிட்டு நான் வரணும்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் வளைவில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. நஸ்ரீன் மேலே ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்தாள். அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை.

அங்கேயே இருதய டாக்டரிடம் காட்டினேன். மருந்தை மாற்றவில்லை, நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். திரும்பும் வழியெல்லாம் அம்மா, "அவனுக்கு எழுதாதீங்க. நமக்காகத்தான் செஞ்சான் புள்ள. மனசு ஒடைஞ்சிரும்" என்றாள். நான் தலையாட்டினேன். இதை எழுதும்போது அவள் கதவுக்கு வெளியே, மாடித் தாழ்வாரத்தில் நடக்கிறாள். எட்டு வீட்டுக் கதவுகள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நாற்பது முறை போய்வந்தால் மூன்றாவது வளைவு என்று அவளே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்கிறது. இருபதுக்கு மேல் கேட்பதில்லை.

ஆகவே நடக்க வேண்டியவை. பல் டாக்டரின் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க மாட்டேன் என்று நீ இந்த வாரமே அவருக்கு எழுத வேண்டும். வாசல்படிக்குக் கைப்பிடி வைத்து, மேலே கூரை போடுவது என் வேலை. பனிக்காலத்தில் அவள் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அதிகாரப் பத்திரத்தை நான் ரத்து செய்யப்போவதில்லை. நீ அதை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன், அக்டோபரிலிருந்து காலையில் வந்து கூட்டிப்போவாள். அம்மா எதுவும் செய்ய வேண்டியதில்லை, இந்தக் கடிதம் பற்றித் தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

நீ நவ்ரோஸுக்கு வராதே. அதுவரை காத்திருக்காதே. அக்டோபரில் வா. அம்மாவோடு மலைக்குப் போ. அவளுக்கு முன்னால் நடக்காதே, உன்னை எட்டிப்பிடிக்கப் பார்ப்பாள். இரண்டடி பின்னால், கை எட்டும் தூரத்தில் நட.

இறைவன் உன்னை நலமாக வைக்கட்டும்.

அப்பா