இரண்டு தட்டு

என் பின்சீட்டு மகாராணிக்கு,

பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. உன் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் வாய் வண்டியைப் பற்றி உளற ஆரம்பித்துவிடுகிறது. செயினுக்கு எண்ணெய் விட்டேன், உன் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்தேன். பத்து நாளாக இதே பாட்டுதான்.

"அவங்களுக்கு எல்லாம் கேக்குது சார், பேசுங்க" என்கிறார் நர்ஸ். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு என்றால் நிறுத்து. காற்றில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியபோது நீ போட்ட சட்டம். இருபது வருடமாக நான் மீறியதில்லை. அன்று மலையிறக்கத்தில் இரண்டு தட்டினாய். "இந்த ஒரு வளைவுதான்மா, திரும்பினா கடல் தெரியும்!" என்று கத்தினேன். திரும்பினோம். கடல் தெரிந்தது. உன் ஹெல்மெட் என் முதுகில் சாய்ந்தது. அழகில் சொக்கிப்போய்விட்டாய் என்று நினைத்தேன்.

தலைக்குள் ரத்தக்குழாய் எப்போது வெடித்தது என்று டாக்டரிடம் நான் இதுவரை கேட்கவில்லை.

இன்று காலை, மூக்குக் குழாயில் பால் இறங்கும்போது உன் விரல் என் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டியது. பாலை நிறுத்தச் சொன்னேன். மறுபடி இரண்டு தட்டு. ஃபேனை நிறுத்தினேன். பேச்சை நிறுத்தினேன். மறுபடியும் இரண்டு.

இந்த முறை உடனே நிறுத்திவிடுகிறேன்டி. எதை என்றுதான் தெரியவில்லை.

உன் டிரைவர்