மைனியிடம் சொல்லாத சொல்

அன்புள்ள மைனி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நண்டு இடித்தேன். காப்பி போட்டதுகூட அதற்குப் பிறகுதான். பனவடலிசத்திரம் பக்கமிருந்து வரும் ஒரு பெண் நேற்று மாலை வயல் நண்டு கொண்டுவந்திருந்தாள். "உசிரோட கெடக்கு பாருங்கக்கா, இப்பதான் வளையில இருந்து புடிச்சது" என்றாள். வாங்கிப் பானையில் போட்டு மூடிவைத்தேன். உங்கள் மகள் கோமுவுக்குச் சளி. ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "வந்தவுக முன்னால மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கப் போறா, எதையாவது வச்சிக் குடு" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

ஓட்டைக் கழற்றி, காலை ஒடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்து உரலில் இட்டு இடித்தபோது எழுந்த வாசனையில் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் நண்டுச் சாறு என்றால் என்னவென்று தெரியாது. தாமிரபரணிக் கரையிலிருந்து இந்த வறண்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நீங்கள்தான் அதைக் கொண்டுவந்தீர்கள்.

கோமு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, அம்மை என்ன சீக்குல செத்துப்போனான்னு அவுக கேட்டா என்ன சொல்ல?"

"மஞ்சக்காமாலைன்னு சொல்லு. தெரியாதாக்கும்?"

"மஞ்சக்காமாலைக்கு எதுக்கு அத்தை மதுரைக்குக் கொண்டுபோனீங்க? இங்கன கீழாநெல்லி அரைச்சுக் குடுப்பாங்கல்லா?"

"சாறு ஆறுது. குடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். உங்களுக்கும் அப்படித்தான். ஒரு சொல் சரியாகப் பொருந்தவில்லை என்றால் அதை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நான் பானையைக் கழுவப் போய்விட்டேன். கழுவிய பானையையே மறுபடியும் கழுவினேன்.

உங்களுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் சோறு வேண்டாம். வாரப் பத்திரிகை வந்ததும் அண்ணன் கதை படிப்பார், அம்மா சாமி படம் பார்ப்பாள், நீங்கள் நேராகக் கட்டத்துக்குப் போவீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் நீங்கள். பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துவிட்டுத் தபாலாபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒருமுறை, 'நண்டு, நான்கு எழுத்து' என்று வந்தது. கடைசி எழுத்து 'ன்' மட்டும் கிடைத்திருந்தது.

"அலவன்" என்றீர்கள்.

"கள்வனும் நாலு எழுத்துதான் மைனி. பழைய பாட்டுல நண்டுக்குக் கள்வன்னு பேரு வரும். காலேஜில படிச்சிருக்கேன்."

நீங்கள் கோபப்படவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தீர்கள். "சரியாத்தான் வச்சிருக்காவ. எங்க ஊருல வரப்புல வளை தோண்டிரும். வெடியக்காலம் போயிப் பாத்தா நம்ம வயல்த் தண்ணி பூராம் அடுத்தவன் வயல்ல நிக்கும். அது களவுதானட்டி?" பிறகு சிரித்தீர்கள். "அப்போ அலவனுக்கு என்ன? நிலையா ஒரு எடத்துல நிக்காம அலையுதுல்லா, அதான்."

அந்த மாதம் முழுக்க நண்டின் பெயர்களைச் சேர்த்தோம். தபாலாபீஸ் பக்கத்து நூலகத்தில் நிகண்டைப் பார்த்து வந்து நான் சொல்வேன். ஞெண்டு என்றேன். "மூக்கு அடைச்சவன் நண்டுன்னு சொன்னா அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். நள்ளி என்றேன். கடகம், கர்க்கடகம் என்றேன். "கர்க்கடகம் நல்லாருக்கு. ஓட்டுமேல நகத்த வச்சிச் சொரண்டுற சத்தம் அதுலயே கேக்குல்லா" என்று இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள். நான் கொண்டுவரும் சொல்லை யாரும் அப்படி வாங்கிக்கொண்டதில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பும்போது கையில் பண்டம் இல்லாமல் வந்தாலும் வருவேன், உங்களுக்கு ஒரு சொல் இல்லாமல் வந்ததில்லை.

கோமு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் உங்களுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அம்மாவிடம் சொன்னீர்கள். நம் ஊரில் உடம்பில் எது தடித்தாலும் முதலில் கோயில் புற்றுமண்தானே. அம்மா பக்தியோடு வாங்கிவந்து, மஞ்சள் சேர்த்துக் குழைத்து, தானே பூசினாள். வெள்ளிக்கிழமைதோறும் புது மண். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் கட்டி கரைந்துவிடும் என்றாள். கரையவில்லை. அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை மைனி. படித்தவள் நான் ஒருத்தி வீட்டில் இருந்தேனே. அந்த இடத்தை ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று அம்மா கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த வார்த்தையை அண்ணன் முன்னால் எப்படிச் சொல்வது என்றுதான் நானும் கூசினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களை உட்காரவைத்துக்கொண்டே எங்கள் இருவரிடமும் இங்கிலீஷில் சொன்னார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். தாழ்வாரத்துக்கு வந்ததும் தமிழில் சொன்னேன். முற்றிவிட்டது என்பதையும் சொன்னேன். அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துவிட்டு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"வெளிய மூச்சு விட்றாதட்டி. அவளுக்கும் தெரிய வேண்டாம். பரம்பரைச் சீக்குன்னு பேசுவானுவ. நாளைக்கு இந்தப் பிள்ளைய எவன் கெட்டுவான்?"

பிள்ளைக்கு அப்போது பால்பல் விழுந்து முடியவில்லை.

திரும்பி வரும்போது ராஜபாளையம் தாண்டியதும் கேட்டீர்கள். "டாக்டரு 'கார்சினோமா'ன்னு ஒண்ணு சொன்னாருல்லா. அது என்ன? நம்ம கர்க்கடகம் மாதிரி காதுல விழுதே."

"எனக்குத் தெரியாது மைனி."

"டிக்சனரியில பாத்துச் சொல்லு."

"சரி."

மறுநாள் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேர்ச்சொல்லுக்கு நண்டு என்றுதான் பொருள் போட்டிருந்தது. அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் கட்டியைச் சுற்றி நரம்புகள் புடைத்து ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். கர்க்கடகமும் அதுவும் ஒரே அடியிலிருந்து வந்தவை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் பிறகு படித்தேன். ஓடும் பஸ்ஸில், எந்தப் புத்தகமும் இல்லாமல், காதாலேயே நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள். உங்களுக்காக நான் எடுத்துவந்த சொற்களில் அதுபோல ஒன்று இருந்ததில்லை. சொல்லியிருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் நோயின் பெயரும் வந்துவிடும். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

"பாத்தியா?" என்றீர்கள்.

"அதுல போடலை மைனி."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். "அம்புட்டுப் பெரிய டிக்சனரியில போடலையாக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள். அதன்பின் நீங்கள் என்னிடம் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. கட்டங்களை நீங்களே நிரப்பினீர்கள். தெரியாததை வெறுமனே விட்டீர்கள்.

படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு, மத்தியான வேளையில், வீட்டில் யாரும் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டீர்கள். ரவிக்கையைத் தளர்த்தி, "கையக் கொண்டா" என்றீர்கள். நான் பின்வாங்கினேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வைத்தீர்கள். கல்போல் இருந்தது.

"வெக்கப்படாம அமுக்கிப் பாருட்டி. முதல்ல இது பட்டாணி அளவுதான் இருந்துது, வலிக்கவும் இல்ல. அதான் ஏமாந்துட்டேன். பொம்பளையாப் பொறந்தவ இப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்கிடணும். உனக்கு வந்தா மண்ணைப் பூசிக்கிட்டு இருக்காத. அன்னைக்கே போயிக் காட்டிரு."

நான் கையை உருவிக்கொண்டு, ஏதோ பொடியைத் துடைப்பதுபோலப் புடவையில் துடைத்தேன். உங்கள் முகம் சுருங்கியது. நீங்கள் இறந்தபின் எத்தனையோ காரியங்களை நினைத்துக் குன்றிப்போயிருக்கிறேன் மைனி, அந்தத் துடைப்பை நினைத்துக் குன்றியதுபோல் வேறெதற்கும் குன்றியதில்லை. நோயின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்காகத்தான் தெரியாததுபோல் இருந்தீர்கள்.

உங்கள் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களிடம் மஞ்சள் காமாலை என்றோம். முதலில் சொல்லும்போது எனக்கு நாக்குத் தடுக்கியது. பிறகு பழகிவிட்டது. எப்போது தொடங்கியது, கண் எப்படி மஞ்சளாக இருந்தது என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டேன். கோமு என் மடியில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டு வளர்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் அம்மாவைப் பற்றி எழுதியபோது மஞ்சள் காமாலை என்று எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துக் கொடுத்தேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அன்று சுவரில் கை ஊன்றி நின்றபோது வந்த பயம் இன்னும் அவரை விடவில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும், "ஞாயித்துக்கெழம ஏதும் உளறிராத, காமாலையே சொல்லு" என்றார். நான் ரசத்தை ஊற்றினேன். நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத, அண்ணன் வீட்டில் இருக்கும் ஒரு பெண் ரசம்தான் ஊற்றுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்று காலை கேட்டது அண்ணன் இல்லை. கோமு. அவளுக்கு இப்போது பத்தொன்பது. உங்கள் உடம்பிலிருந்து வந்த உடம்பு. தாய்க்கு வந்தால் மகள் கவனமாக இருக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கு வரும் பத்திரிகைகளிலேயே எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தவள்தான் நான். ஒரு சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக, அவள் எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாமல் அவளை வேறொரு வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம்.

நாளை சனிக்கிழமை. அண்ணன் கடையநல்லூருக்குப் புடவை எடுக்கப் போகிறார், சாயங்காலம்தான் வருவார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வரப்போகிறேன். கோமுவை உட்காரவைத்து, நோயின் பெயரை முதலில் தமிழிலேயே, புற்றுநோய் என்று, சொல்லப்போகிறேன். எங்கே வந்தது, எப்படித் தொடங்கியது, என்ன தெரிந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்வேன். காமாலை என்று சொன்னது பொய் என்றும், சொல்லிக்கொண்டே இருந்தவள் நான்தான் என்றும் சொல்வேன். அவள் என்னை என்ன கேட்டாலும் எழுந்து அடுக்களைக்குள் போகமாட்டேன்.

தென்காசிக்காரர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நானோ அண்ணனோ முடிவு செய்யப்போவதில்லை. அது அவள் அம்மாவின் நோய். அவள் சொல்லட்டும்.

உங்கள்
நாத்தனார்