முப்பத்தெட்டு நாள்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் பெரிய குறை இல்லாமல் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என் நினைப்பு. போன வாரம் போனில் என் குரல் சரியில்லை என்று இரண்டு தடவை கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்று சமாளித்தேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ வேலைக்குக் கிளம்புகிற நேரம், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார், என்னோடு பேசுவதையும் பாதி நிறுத்திவிட்டார். இரண்டாவதற்குக் காரணம் முழங்கால் இல்லை, நான்தான்.

முப்பத்தோரு வருஷமாகப் பெண்கள் சிறையில் எழுத்தராக இருக்கிறேன், அங்கே என்ன செய்கிறேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. நீயும் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அம்மா ஆபீஸ் போறாங்க என்று முடித்துக்கொள்வாய். நீதிபதி இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், அந்த இரண்டு வருஷம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து விடுதலைப் பதிவேட்டில் எழுதுவது நான். கேட்க லேசாக இருக்கும். ஒருத்திக்கு இரண்டு குற்றத்துக்குத் தனித்தனியாகத் தண்டனை இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா, ஒன்று முடிந்து மற்றது தொடங்க வேண்டுமா என்று தீர்ப்பில் தேடிப் பார்க்க வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும். நன்றாக நடந்துகொண்டால் குறைகிற நாள், தகராறு செய்தால் அந்தச் சலுகை போகிற நாள், இப்படி. இத்தனை வருஷத்தில் ஒரு தேதிகூடத் தப்பியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது.

எங்கள் தையல் கூடத்தில் ஒருத்தி இருந்தாள், பெயர் வேண்டாம், தையல்காரி என்றே வைத்துக்கொள். வீட்டுச் சண்டையில் நாத்தனாரைச் சுடச்சுட இருந்த இஸ்திரிப் பெட்டியால் அடித்துவிட்டாள், அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கத்து முகம் போயிற்று. அவள் செய்தது சின்னத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருஷம் போட்டார்கள். ஜாமீன் கிடைக்கும் முன்னால் வேறு ஊர்ச் சிறையில் ஐம்பத்துமூன்று நாள் இருந்திருக்கிறாள், அதற்கான சான்று தீர்ப்பு நகலின் கடைசித் தாளுக்குப் பின்னால் பின் அடித்து வந்திருக்கிறது. நான் அந்தத் தாளைத் திருப்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்லை, வீட்டில் கவலையும் இல்லை, சாக்குச் சொல்லலாம் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. அவளுக்குத் தன் நாள் தெரியும். என் மேஜைக்கு வந்து, "மேடம், எனக்கு ஒரு கணக்கு இடிக்குது, கொஞ்சம் பாருங்க" என்று கேட்டாள். நான் பதிவேட்டைப் பார்த்தேனே தவிர அவளுடைய காகிதக் கட்டைப் பிரிக்கவில்லை. "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, போய் வேலையைப் பாருங்க" என்றேன். அதற்கப்புறம் அவளுடைய மகன் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், தூர தேசத்தில் வேலை கிடைத்திருந்தது, டிக்கெட் போட்டாயிற்று. நீ போறதுக்கு மூணு வாரம் முன்னாடியே வீட்டுக்கு வந்துடுவேன், உன்னை நானே வழியனுப்பறேன் என்று அவள் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாளாம். சொன்ன தேதி தாண்டியும் அம்மா வரவில்லை என்று கேட்க வந்தவனுக்கு, ஜன்னல் வழியாகப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டித் தேதியை விரலால் தொட்டுச் சொன்னவள் நான். தேங்க்ஸ் மேடம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் அவளிடம், "உள்ளே ஏதோ சண்டை போட்டிருப்ப, சலுகையைப் பிடுங்கிட்டாங்க, எங்கிட்ட மறைக்கிற, எப்பவும் போலத்தானே" என்று சொல்லியிருக்கிறான். அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டான். அதற்கு மேல் அவள் போனை அவன் எடுக்கவே இல்லை.

விடுதலைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது முகவரி பார்ப்பதற்காக அவள் கட்டைப் பிரித்தேன், அந்தத் தாள் கையில் வந்தது. அவள் வெளியே போயிருக்க வேண்டிய நாள் கடந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. பதிவேட்டை எடுத்து மறுபடி எண்ணிப் பார்த்தேன், அதே முப்பத்தெட்டுதான்.

நேராகக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். கெட்டவர் இல்லை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இதுவரை முகம் சுளித்துப் பேசியது கிடையாது. தாளைப் படித்துவிட்டு, "நன்னடத்தைக்காகப் பதினஞ்சு நாள் குறைப்புன்னு போட்டு இன்னைக்கே அனுப்பிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்லமாட்டேன். நானே தட்டச்சு செய்து, சுருக்கொப்பமும் போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கத் தையல் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை, ஒரே பார்வையில் படித்துவிட்டு, "நன்னடத்தைக் குறைப்பா? நான் எப்பவோ போயிருக்கணுமே மேடம்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்தினாள், தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள், "அந்த முப்பத்தெட்டு நாளை என்ன பண்ணுவீங்க, அடுத்த தடவை நான் உள்ளே வந்தா கழிச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள். பக்கத்து மிஷின்காரிகள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. அப்புறம், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம், எம் பையன்கிட்ட காட்டுற மாதிரி ஒரு பேப்பர் குடுங்க, இதைக் காட்டினா நான் சொன்னது பொய்னுதான் ஆகும்" என்றாள்.

கையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, என் தவறால் இவள் இத்தனை நாள் கூடுதலாக அடைபட்டிருந்தாள் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வெளியே போனாள், உண்மையான தேதி போட்ட நகலோடு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் எனக்கு விசாரணை. வேறு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். குற்றம் நிரூபணமானது என்று எழுதி முடித்துவிட்டு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புறீங்களா என்று கேட்டார். ஒவ்வொரு தீர்ப்பிலும் நீதிபதி இதே கேள்வியைக் கேட்பார் அம்மாடி, குற்றவாளியின் பதில் இரண்டு வரி கீழே இருக்கும், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கருணை காட்ட வேண்டும் என்று. அந்த இரண்டு வரியை நான் ஒரு நாளும் நின்று படித்ததில்லை, தண்டனை எத்தனை என்று பார்க்கக் கண் தாண்டிப் போய்விடும். என்னைக் கேட்டபோது என் வாயிலும் வேறொன்றும் வரவில்லை, "ஓய்வு பெற ஏழு மாசந்தான் இருக்கு, வீட்டுக்காரருக்கு முடியலை" என்றுதான் சொன்னேன். அவரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பணிப்பதிவேட்டில் கண்டனம், பதிவேட்டு வேலையிலிருந்து சீருடைக் கிடங்குக்கு மாற்றம். இப்போது போர்வை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏழு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதா என்று அப்பாவுக்குக் கோபம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடிப் போனேன். அண்ணன் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வாசலிலேயே நின்று பேசினாள். மகன் இன்னும் போன் எடுப்பதில்லை, அந்த நகலைத் தபாலில் அனுப்பினாள், பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. அவன் வேலை பார்க்கும் ஊரைக் கேட்டேன், சொன்னாள். உன் இடத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். என் மகள் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றேன். உள்ளே போய் அந்த உறையை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு விடுமுறை நாளே கம்மி என்று தெரியும், இருந்தாலும் ஒரு நாள் ஒதுக்கு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே. குழந்தைக்குச் சளி விட்டதா, காதை மூடிக் கூட்டிப் போ. நீங்கள் மூன்று பேரும் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவன் கதவைச் சாத்தப் பார்த்தாலும் கோபப்படாமல் நின்று சொல், அவன் அம்மா சொன்ன தேதி சரிதான், நாள் எண்ணத் தெரியாமல் போனது என் அம்மாவுக்குத்தான் என்று.

அன்புடன்
உன் அம்மா